கேமரா ஃபிரேமை அடுத்த பிராசஸிடம் சேர்க்க எந்த வழி? பைப், சாக்கெட், பகிர்நினைவகம்: ஓர் ஒப்பீடு

ஒரு லினக்ஸ் கணினியில் இரண்டு பிராசஸ்கள், அதாவது தனித்தனியே இயங்கும் இரு நிரல்கள், ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கேமராவிலிருந்து ஃபிரேம்களை எடுக்கிறது. மற்றொன்று அந்த ஃபிரேம்களில் வாகன எண்பலகைகளைத் தேடுகிறது. இரண்டையும் ஒரே நிரலாக எழுதிவிடலாமே என்று கேட்பது நியாயந்தான். ஆனால் படத்தை அலசும் நூலகங்கள் பெரியவை, எப்போது நிலைகுலையும் என்று சொல்ல முடியாதவை. அவை விழும்போது கேமராப் பதிவும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்காகவும், கேமராவைத் தொடும் அனுமதி அலசும் பகுதிக்குத் தேவையில்லை என்பதற்காகவும் இவற்றைப் பிரித்து வைப்பது வழக்கம். பிரித்த பிறகு ஒன்றின் நினைவகம் மற்றொன்றுக்குத் தெரியாது; தரவு கைமாற வேண்டுமானால் இயங்குதளத்தின் மையமான கர்னலின் துணையோடுதான் மாற வேண்டும். அதற்கு லினக்ஸ் தரும் வழிகள் பல. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கே கேள்வி.

பெரும்பாலான ஒப்பீடுகள் "எது வேகம்?" என்று தொடங்கி, பகிர்நினைவகமே வேகம் என்று முடிந்துவிடுகின்றன. விடை சரிதான், கேள்விதான் பொருந்தவில்லை. வாங்கும் பிராசஸ் பின்தங்கினால் அனுப்புவது காத்திருக்க வேண்டுமா, பழைய ஃபிரேமைக் கைவிட வேண்டுமா என்பது முதற்கேள்வி. இரண்டில் ஒன்று திடீரென்று இறந்துபோனால் மற்றதற்கு அது எப்படித் தெரியும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகு வேகத்தைப் பற்றிப் பேசினால் போதும் என்பது என் கருத்து.

ஆனாலும் கணக்கை முதலில் போட்டுவிடுவது நல்லது. தேவையற்ற அச்சம் விலகும். 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட் என்றால், ஒரு ஃபிரேம் 62,20,800 பைட். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 18.7 கோடி பைட். பைப் வழியாகவோ சாக்கெட் வழியாகவோ அனுப்பும்போது, அனுப்புபவரின் நினைவகத்திலிருந்து கர்னலுக்கு ஒரு நகல், கர்னலிலிருந்து வாங்குபவரின் நினைவகத்துக்கு இன்னொரு நகல் என இரண்டு நகல்கள் எடுக்கப்படுகின்றன. ஆக வினாடிக்கு 37 கோடி பைட்டுக்குச் சற்று மேல். டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரே சேனல் ஏட்டளவில் வினாடிக்கு 2,560 கோடி பைட் தரவல்லது என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், ஒற்றைக் கேமராவுக்கு இந்த நகல் செலவு மேசைக் கணினியில் பெரிய பொருட்டே அல்ல. 3840×2160 அளவில் வினாடிக்கு 60 ஃபிரேம் என்று போனால் மூலத்தரவே 149 கோடி பைட்டாகிறது. நகலோடு அது இரட்டிக்கும், இரண்டு மூன்று பேர் வாங்கினால் அதுவும் பெருகும். அங்கேதான் நகலைத் தவிர்ப்பது பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. சிறிய ஒற்றைப்பலகைக் கணினிகளில் இந்தக் கவலை இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

பைப்

யூனிக்ஸில் 1973-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் பைப்பே இவற்றில் எளியது. ஃபோர்க் செய்வதற்கு, அதாவது ஒரு பிராசஸ் தன் நகலாகச் சேய் பிராசஸை உருவாக்குவதற்கு, முன் ஒரு பைப்பைத் திறந்து, தாய் ஒரு முனையையும் சேய் மறு முனையையும் வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஒருவழிப் பாதை, பைட்டுகள் போட்ட வரிசையிலேயே வெளிவரும். உறவில்லாத இரு பிராசஸ்களுக்கு இடையே வேண்டுமானால், கோப்பு அடைவில் பெயரோடு உருவாக்கப்படும் ஃபைஃபோ இருக்கிறது. அதைத் திறக்கும் பிராசஸ், மறுமுனையை இன்னொருவர் திறக்கும்வரை காத்து நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மரணத்தைப் பொறுத்தவரை பைப் நல்ல முறையில் நடந்துகொள்கிறது. எழுதும் முனைகள் எல்லாம் மூடப்பட்டால் வாசிப்பவருக்குச் சுழியம் திரும்புகிறது. வாசிக்கும் முனை மூடப்பட்டால் எழுதுபவருக்குச் சிக்பைப் சிக்னல் (பிராசஸைக் குறுக்கிடும் அறிவிப்பு) வருகிறது. அந்தச் சிக்னலைக் கவனிக்காத நிரல் சத்தமில்லாமல் செத்துவிடும் என்பதால், அதைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டு ரைட் அழைப்பின் (எழுதும்படி கர்னலிடம் கேட்கும் கோரிக்கையின்) பிழை எண்ணைப் பார்ப்பதே முறை. இதில் "எல்லாம்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இடையில் ஃபோர்க் செய்யப்பட்ட மூன்றாவது பிராசஸ் ஒன்று எழுதும் முனையின் நகலைத் தன்னிடம் வைத்திருந்தால், உண்மையான எழுத்தாளர் இறந்த பின்னும் வாசிப்பவர் முடிவில்லாமல் காத்திருப்பார். இதற்காகவே பைப்2 அழைப்பில் வேறு நிரலை ஏற்றும்போது முனையைத் தானே மூடும் குளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியைச் சேர்த்துத் திறப்பதும், ஃபோர்க்குக்குப் பின் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டாத முனையை மூடுவதும் பழக்கமாக வேண்டும்.

பின்தங்கும் விஷயத்தில்தான் பைப் நம் வேலைக்கு ஒத்துவரவில்லை. லினக்ஸ் பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். நம் ஒரே ஃபிரேமை அதில் செலுத்த 95 பைப் கொள்ளளவு வேண்டும்; நிர்வாகி அனுமதி இல்லாத பயனர் இயல்பாக உயர்த்தக்கூடிய எல்லையான 10,48,576 பைட்டுக்கு உயர்த்தினாலும் 6 கொள்ளளவு. ஆக, ஒரு ஃபிரேம்கூட முழுதாக உள்ளே நிற்காது. அலசும் பிராசஸ் ஒரு கடினமான படத்தில் அரை வினாடி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எழுதும் பிராசஸ் ஃபிரேமின் நடுவில் நிறுத்தப்பட்டுவிடும். காத்திருக்காத முறைக்கு மாற்றினால், "இடமில்லை" என்ற பதில் வரும். அப்போது ஃபிரேமின் பாதி ஏற்கெனவே போய்விட்டிருக்கும். மீதியைக் கைவிட முடியாது, ஏனெனில் மறுமுனையில் இருப்பவர் அந்த மீதிக்காகவே காத்திருக்கிறார். புதிய ஃபிரேமையும் அனுப்ப முடியாது. இப்படி எழுதுபவர் தவிக்கும் நேரத்தில் கேமரா டிரைவரின் பஃபர்கள் (தற்காலிகச் சேமிப்பிடங்கள்) நிரம்பி, ஃபிரேம்கள் எங்கோ அடியில் காணாமல் போகின்றன. மீண்டும் ஓட்டம் தொடங்கும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கு முந்தைய காட்சி.

பதிவேட்டு வரிகளை அனுப்பும் வேலையாக இருந்தால் இதே குணம் பெரிய நன்மை. அங்கே ஒரு வரியும் தொலையக்கூடாது. வாங்குபவர் தாமதித்தால் அனுப்புபவர் காத்திருக்கத்தான் வேண்டும். பல பிராசஸ்கள் ஒரே பைப்பில் வரிகளை எழுதினாலும், ஒவ்வொரு எழுத்தும் 4,096 பைட்டுக்குள் இருக்கும்வரை ஒன்றோடொன்று கலக்காது என்பது லினக்ஸ் தரும் உறுதி. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரம் கேட்கும் குறைந்தபட்சம் 512 பைட் மட்டுமே என்பதால், வேறு இயங்குதளங்களுக்கும் போக வேண்டிய நிரல் அந்தச் சிறிய எண்ணையே நம்ப வேண்டும்.

யூனிக்ஸ் சாக்கெட்

1983-இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்த யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டுகளே, ஒரே கணினிக்குள் பிராசஸ்கள் பேசிக்கொள்வதற்கு என் முதல் தேர்வு. நிரல்களைத் தனித்த கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரின் கட்டளை தன் பின்னணிச் சேவையோடு பேசுவது இதன் வழியாகத்தான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு உள்ளூர் நிரல்கள் பேசுவதும், திரைக் காட்சியை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரோடும் வேலண்டோடும் திரை நிரல்கள் பேசுவதும் இதன் வழியாகவே. இருவழிப் பாதை என்பது முதல் வசதி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி இணைப்பு என்பதால், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பது தனித்தனியே தெரிவது அதைவிடப் பெரிய வசதி. மறுமுனையில் இருக்கும் பிராசஸின் எண்ணையும் பயனர் எண்ணையும் கர்னலிடமே கேட்டுப் பெறலாம். மறுமுனையால் அதில் பொய் சொல்ல முடியாது. போஸ்ட்கிரெஸில் கடவுச்சொல் இல்லாமலே உள்ளூர்ப் பயனரை அடையாளம் காணும் "பியர்" முறை இந்த வசதியின்மேல் நிற்பதுதான்.

ஸ்ட்ரீம் வகை சாக்கெட், பைப்பைப் போலவே செய்திகளுக்கு இடையே எல்லை இல்லாத பைட் ஓட்டம். 100 பைட் அனுப்பினால் மறுமுனையில் 60 பைட்டும் பின்பு 40 பைட்டுமாக வரலாம். எனவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி, அத்தனையும் சேரும்வரை வாசிக்கும் சுழற்சியை நாமே எழுத வேண்டும். சீக்வென்ஸ் பாக்கெட் வகை இந்த வேலையை நீக்கிவிடுகிறது: அனுப்பிய செய்தி அனுப்பியபடியே முழுதாக வரும், இணைப்பும் உண்டு, வரிசையும் மாறாது. ஆனால் அதில் ஒரு செய்தி அனுப்பும் பஃபருக்குள் அடங்க வேண்டும். அதன் இயல்பு அளவு பொதுவாக 2,12,992 பைட். நம் 62 லட்சம் பைட் ஃபிரேம் அதில் நுழையாது, நுழைக்க முயலவும் வேண்டாம்.

குறைகளும் உண்டு. சேவை திடீரென்று இறந்தால் சாக்கெட் கோப்பு அடைவிலேயே கிடக்கும். மறுபடி தொடங்கும்போது "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்று பிழை வரும். எனவே பைண்ட் செய்வதற்கு, அதாவது சாக்கெட்டுக்குப் பெயரிடுவதற்கு, முன் பழைய கோப்பை நீக்க வேண்டும். கோப்பின் முழுப்பாதை 108 பைட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது ஆழமான அடைவுகளில் சோதனை நிரல்களை ஓட்டும்போது எதிர்பாராமல் காலை வாரிவிடும். லினக்ஸுக்கே உரிய அப்ஸ்ட்ராக்ட் பெயர்களைப் பயன்படுத்தினால் கோப்புத் தொல்லை இல்லை. கூடவே கோப்பு அனுமதிகள் தரும் பாதுகாப்பும் இல்லாமல் போகிறது.

கணினி தன்னையே அழைக்கும் லூப்பேக் முகவரியில், வலையமைப்புக்கான டிசிபி சாக்கெட் திறப்பதை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்றால், நாளை இந்த இரு பிராசஸ்களும் வெவ்வேறு கணினிக்குப் போகக்கூடும் என்ற உறுதியான திட்டம் இருந்தாலொழிய அதனால் நமக்கு ஆதாயம் இல்லை. போர்ட் எண்ணைத் தெரிந்த எந்த உள்ளூர்ப் பயனரும் இணையலாம். மறுமுனை யார் என்று கர்னல் சொல்லாது. நம் ஃபிரேம்களுக்குப் பின்னால் சொல்லப்போகும் பகிர்நினைவகத்தின் வழியும் அடைபட்டுவிடும். "நாளைக்குத் தேவைப்படலாம்" என்பதற்காக இன்றே அதை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கர்னல் வைத்திருக்கும் செய்தி வரிசைகளான மெசேஜ் க்யூக்கள் இரு வகை. 1980-களின் சிஸ்டம் ஐந்து யூனிக்ஸ் வகையைப் புதிய நிரலில் எடுக்கக் காரணமே இல்லை. அவற்றுக்கு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பையோ சாக்கெட்டையோ குறிக்கக் கர்னல் தரும் எண்) கிடையாது என்பதால், பல இணைப்புகளை ஒரே இடத்தில் கண்காணிக்கும் ஈபோல் போன்றவற்றில் சேர்க்க முடியாது, நீக்கும்வரை அல்லது கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை கர்னலில் தங்கிவிடும். பாசிக்ஸ் க்யூக்கள் மேலானவை, செய்திகளுக்கு முன்னுரிமை எண் தரலாம், லினக்ஸில் ஈபோலோடும் இயங்கும். ஆனால் இயல்பு எல்லை, க்யூவுக்கு 10 செய்தி, செய்திக்கு 8,192 பைட். மறுமுனை இறந்தது தெரியாது: வாங்குபவர் செத்துவிட்டாலும் அனுப்புபவர் க்யூ நிரம்பும்வரை மகிழ்ச்சியாக அனுப்பிக்கொண்டிருப்பார். நம் இரண்டாவது கேள்வியில் இது தோற்றுவிடுகிறது. மேக் இயங்குதளத்தில் பாசிக்ஸ் க்யூ இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பகிர்நினைவகம்

நினைவகத்தைப் பிராசஸின் முகவரி வெளியில் பொருத்தும் எம்மேப் அழைப்பின் வழியாக ஒரே நினைவகப் பக்கங்களை இரு பிராசஸ்களும் தத்தம் முகவரி வெளியில் காணும்படி செய்தால் நகலே தேவையில்லை. ஒருவர் எழுதியது அடுத்தவருக்கு அங்கேயே இருக்கிறது. கர்னல் இடையில் இல்லை என்பதே இதன் வேகத்துக்குக் காரணம். இதனால் வரும் தொல்லைகள் அனைத்துக்கும் காரணமும் அதுவே. ஃபிரேம் முழுதாக எழுதப்பட்டுவிட்டதா, வாசித்துக்கொண்டிருக்கும்போதே மேலெழுதப்படுகிறதா என்று சொல்ல யாருமில்லை. ஒரே பகுதி இரு பிராசஸ்களில் வெவ்வேறு முகவரியில் பொருத்தப்படலாம் என்பதால், உள்ளே சுட்டிகளை வைக்க முடியாது; தொடக்கத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி என்றுதான் குறிக்க வேண்டும். இன்டெல் கணினியில் ஒழுங்காக ஓடிய லாக் (பூட்டு) இல்லாத வளையப் பஃபர், நினைவக வரிசையைத் தளர்வாகக் கையாளும் ஆர்ம் சில்லில் எப்போதோ ஒருமுறை மட்டும் தவறான தரவைத் தரும். பிழைகளிலேயே பிடிக்கக் கடினமானது இந்த வகைதான்.

ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸைப் பகிர்நினைவகத்திலேயே வைக்கலாம். ஆனால் அதைப் பூட்டிய பிராசஸ் பூட்டியபடியே இறந்தால், மற்றவர் என்றென்றும் காத்திருப்பார். இதற்கு ரோபஸ்ட் வகை மியூட்டெக்ஸ் உண்டு: முந்தைய உரிமையாளர் இறந்துவிட்டார் என்ற பிழை எண்ணோடு பூட்டு அடுத்தவருக்குக் கிடைக்கும். அத்தோடு முடிவதில்லை, பாதியில் விடப்பட்ட தரவைச் சீர்செய்துவிட்டு, இனி எல்லாம் சரி என்று மியூட்டெக்ஸிடம் அறிவிக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்தச் சீர்செய்யும் பகுதியைச் சரியாக எழுதிச் சோதித்த நிரல்கள் குறைவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இடம் பற்றிய ஒரு பொறியை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. பெயர் வைத்துத் திறக்கும் பாசிக்ஸ் பகிர்நினைவகம், லினக்ஸில் டெவ் அடைவின் கீழ் எஸ்எச்எம் என்ற டிஎம்பிஎஃப்எஸ் (நினைவகத்திலேயே வாழும்) கோப்பு அமைப்பில் இருக்கிறது. டாக்கர் கன்டெய்னருக்குள் அதன் இயல்பு அளவு 64 எம்பி, அதாவது 6,71,08,864 பைட். நம் ஃபிரேம்கள் அதில் பத்து அடங்கும், பதினொன்றாவது அடங்காது. நிரல் இருபது ஃபிரேமுக்கு இடம் கேட்டால் என்ன ஆகும்? கோப்பின் அளவை அமைக்கும் எஃப்டிரன்கேட் அழைப்பு வெற்றி என்று திரும்பும். எம்மேப்பும் வெற்றி. ஏனெனில் இதுவரை ஒரு பக்கம்கூட உண்மையில் ஒதுக்கப்படவில்லை. பதினொன்றாவது ஃபிரேமை எழுதிக்கொண்டிருக்கும்போது, சாதாரண நினைவக நகல் வரி ஒன்றில், சிக்பஸ் சிக்னல் வந்து பிராசஸைக் கொன்றுவிடும். மேசைக் கணினியில் அந்த அடைவு பெரிதாக இருப்பதால் சோதனையில் இது தெரியவே தெரியாது. பாசிக்ஸ் ஃபாலோகேட் அழைப்பால் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கினால், பற்றாக்குறை தொடக்கத்திலேயே ஒழுங்கான பிழை எண்ணாகத் தெரிந்துவிடும்.

இரண்டையும் சேர்ப்பது

மேலே சொன்னவற்றைப் பார்த்தால், யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மரணம் தெரியும், பெரிய ஃபிரேம் கொள்ளாது. பகிர்நினைவகம் எதையும் கொள்ளும், ஆனால் எதுவும் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட வேண்டியதில்லை. யூனிக்ஸ் சாக்கெட்டின் வழியே ஃபைல் டிஸ்கிரிப்டரையே அடுத்த பிராசஸுக்கு அனுப்ப முடியும் என்பதால், கட்டுப்பாட்டுச் செய்திகளைச் சாக்கெட்டிலும், படத்தரவைப் பகிர்நினைவகத்திலும் வைக்கலாம். வேலண்டில் திரை நிரல்கள் தங்கள் படத்தைக் காட்சி நிர்வாகிக்குத் தருவது இதே ஏற்பாட்டில்தான். நிர்வாகி "இந்தப் பஃபரை விடுவித்துவிட்டேன்" என்று சொல்லும்வரை நிரல் அதில் மீண்டும் எழுதக்கூடாது என்பது அங்கே விதி.

நம் கேமராவுக்கு இப்படி அமையும். கேமரா பிராசஸ், லினக்ஸ் 3.17 முதல் இருக்கும் மெம்எஃப்டி கிரியேட் அழைப்பால் பெயரில்லாத நினைவகக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதை நான்கு ஃபிரேம் அறைகளாகப் பிரிக்கிறது. மொத்தம் 2,48,83,200 பைட். இந்தக் கோப்பு மேற்சொன்ன எஸ்எச்எம் அடைவில் இல்லை என்பதால் டாக்கரின் 64 எம்பி எல்லை இதைத் தொடாது. கன்டெய்னரின் மொத்த நினைவக எல்லைக்குள் மட்டும் அடங்க வேண்டும். பின்பு கோப்பைச் சுருக்க முடியாதபடி முத்திரை இடுகிறது. இல்லையென்றால் ஒருவர் கோப்பைச் சுருக்கி, வாசிக்கும் மற்றவரைச் சிக்பஸால் கொன்றுவிட முடியும். தான் மட்டும் எழுதும் மேப்பிங்கைப் பெற்றுக்கொண்டு, லினக்ஸ் 5.1-இல் வந்த எதிர்கால எழுத்துத் தடை முத்திரையையும் இட்டுவிட்டால், டிஸ்கிரிப்டரைப் பெறும் அலசும் பிராசஸால் வாசிக்க மட்டுமே முடியும். அதன்பின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சீக்வென்ஸ் பாக்கெட் சாக்கெட்டில் போவது அறை எண், வரிசை எண், நேரமுத்திரை அடங்கிய ஒரு சிறு செய்தி மட்டுமே. அலசி முடித்ததும் "அறை காலி" என்ற பதில் வருகிறது.

இந்த அமைப்பில் லாக் எதுவும் இல்லை. அறையின் உரிமை செய்தியோடு கைமாறுவதால், ஒரு நேரத்தில் ஒருவரே அதைத் தொடுகிறார். அலசும் பிராசஸ் பின்தங்கி நான்கு அறைகளும் அதனிடமே இருந்தால், கேமரா பிராசஸ் புதிய ஃபிரேமை முழுதாகக் கைவிடுகிறது. பாதி ஃபிரேம் என்ற நிலை வருவதில்லை, எத்தனை கைவிட்டோம் என்பதும் வரிசை எண்ணின் இடைவெளியில் தெரிகிறது. அலசும் பிராசஸ் இறந்தால் சாக்கெட் மூடப்படுகிறது. கேமரா பிராசஸ் அதனிடம் இருந்த அறைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கேமரா பிராசஸ் இறந்தால் வாங்குபவருக்கும் அதே வழியில் தெரிகிறது. மெம்எஃப்டி கோப்பு கடைசி டிஸ்கிரிப்டரும் மேப்பிங்கும் மறைந்ததும் தானே அழிந்துவிடும், அடைவில் குப்பை எதுவும் மிஞ்சாது. முதலில் எழுப்பிய இரு கேள்விகளுக்கும் விடை இங்கே வடிவமைப்பிலேயே இருக்கிறது. வேகம் கூடுதலாகக் கிடைத்த ஆதாயம்.

செலவு இல்லாமல் இல்லை. பைப்பில் முப்பது வரியில் முடியும் வேலை இங்கே சில நூறு வரிகளாகும். மெம்எஃப்டியும் முத்திரைகளும் மேக், விண்டோஸ் தளங்களில் இதே வடிவில் கிடையாது. விண்டோஸ் 10 யூனிக்ஸ் சாக்கெட்டை ஏற்றுக்கொண்டுவிட்டாலும், டிஸ்கிரிப்டரை அதன்வழி அனுப்புவது அங்கே இல்லை. பைத்தானில் எழுதுபவர்கள் மல்டிபிராசஸிங் க்யூவை இயல்பாக எடுப்பார்கள். அது ஒவ்வொரு பொருளையும் பிக்கிள் செய்து (பைட்டுகளாக மாற்றி), அடியில் ஒரு பைப்பின் வழியேதான் அனுப்புகிறது என்பதால், பெரிய ஃபிரேம்களுக்கு மேலும் சில நகல்கள் கூடும். பைத்தான் 3.8 முதல் மெம்எஃப்டி அழைப்பும், 3.9 முதல் டிஸ்கிரிப்டர்களைச் சாக்கெட்டில் அனுப்பும் வசதியும் இருப்பதால், இதே அமைப்பை அங்கும் கட்டலாம்.

எனவே என் பரிந்துரை வேலையின் அளவைப் பொறுத்தது. சிறு செய்திகளும் கட்டளைகளும் மட்டுமென்றால் சீக்வென்ஸ் பாக்கெட் சாக்கெட். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தாய் சேய் பிராசஸ்களுக்கு இடையே ஒருவழியாக, ஒரு பைட்டும் தொலையாமல் போக வேண்டிய ஓட்டம் என்றால் பைப். வினாடிக்கு ஒரு படம் போதும், கடைசிப் படம் மட்டும் போதும் என்றால் இவை எதுவுமே தேவையில்லை: தற்காலிகப் பெயரில் கோப்பை எழுதிவிட்டு ரீநேம் செய்தால், வாசிப்பவர் எப்போது திறந்தாலும் ஒரு முழுப் படத்தையே காண்பார். முழு வேகக் கேமராவுக்குத்தான் சாக்கெட்டும் மெம்எஃப்டியும் சேர்ந்த ஏற்பாடு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேக அளவீட்டுக்கு முன் இரண்டு சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் அலசும் பிராசஸுக்குச் சிக்ஸ்டாப் சிக்னலை அனுப்பி, பத்து வினாடி உறையவைத்துவிட்டு மீண்டும் ஓடவிட்டு, முதலில் வரும் ஃபிரேம்களின் நேரமுத்திரைகளைப் பார்க்க வேண்டும். பழைய அறைகளில் தங்கிய நான்கு ஃபிரேம்கள் முதலில் வரும், ஐந்தாவது அந்தக் கணத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அந்த நான்கையும் நேரமுத்திரை பார்த்துத் தள்ளிவிடுவது வாங்குபவரின் வேலை. அடுத்து, இரு பிராசஸ்களையும் மாறி மாறிச் சிக்கில் சிக்னலால் கொன்று, உயிரோடிருப்பது அதை உடனே அறிந்துகொள்கிறதா, மீண்டும் தொடங்கிய பிராசஸ் இணைந்ததும் நான்கு அறைகளும் சுழற்சிக்குத் திரும்பினவா என்று பார்க்க வேண்டும். அறைகள் மூன்றாகக் குறைந்திருந்தால், இறந்தவரின் உரிமையைத் திரும்ப எடுக்கும் பகுதியில் பிழை இருக்கிறது.